மடிப்பில் விழுந்த கோடு

சட்டைப் பைக்குள் கையை விட்டால் பித்தளைத் தகடு இல்லை. காலை எட்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. எதிரே மூன்றாம் நம்பர் மெஷினில் பபிள் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் வயிற்றில் மேலிருந்து கீழ்வரை பழுப்பாக ஒரு கருகல் கோடு. நேற்றுப் போட்டது வேறு சட்டை. தகடு அந்தச் சட்டையோடு சேர்ந்து வீட்டு வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருஷத்தில் தகடு இல்லாமல் நான் மெஷின் முன்னால் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். கருகலும் அன்றைக்குத்தான் வரவேண்டும் என்று காத்திருந்தது போலிருக்கிறது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால் அது சூட்டில் உருகி, வட்டமான ஓர் இடுக்கு வழியாகக் குழாய் மாதிரி மேலே வரும். அந்த இடுக்கை வைத்திருக்கும் எஃகுத் தலைக்கு டை என்று பெயர். குழாய்க்குள் காற்றை ஊதினால் உப்பும், அதுதான் பபிள். உப்பியபடியே ஏறிப்போய், ஆறி, உச்சியில் இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கித் தட்டையாகி, மறுபக்கம் இறங்கி ரோலில் சுற்றிக்கொள்ளும். காலையில் ஒருமுறை அடைத்த காற்று சாயங்காலம் வரை உள்ளேயே நிற்கும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வேலையின் உயிரெல்லாம் டையின் உதட்டில், அந்த இடுக்கின் விளிம்பில், இருக்கிறது. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. அதில் ஏதாவது கருகி ஒட்டிக்கொண்டால் பித்தளையால் மட்டுமே சுரண்ட வேண்டும். பித்தளை மெத்தென்றது, தான் தேய்ந்துபோகும். இரும்பு பட்டால் உதட்டில் கீறல் விழும். கீறல் விழுந்தால் மெஷின் ஓடுகிற வரைக்கும், அது வெளியே தள்ளுகிற ஒவ்வொரு சாணிலும் அந்தக் கோடு இருக்கும். இதைப் புதிதாக வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் நான் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, எனக்கே பித்தளை என்று பேர் விழுந்துவிட்டது. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எட்டு மணிக்கு எடுக்கிற ரோல் எதிர்க் கம்பெனிக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் காஸ்டிக் சோடா பொட்டலம் போடுகிற ஆலை. அவர்களுக்குப் பை தீர்ந்துபோய், நேற்று சாயங்காலத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். ஸ்டோருக்குப் போய்ப் புதுத் தகடு கேட்கலாம். ஸ்டோர்க்காரர் எட்டரைக்குத்தான் வருவார். அடுத்த மெஷின்காரனிடம் கேட்கலாம். பித்தளையே பித்தளைக்கு அலைகிறதா என்று அவன் ஒரு வாரம் சிரிப்பான். இந்த இரண்டாவது காரணம்தான் என்னைத் தடுத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பின்பையில் கட்டர் இருந்தது, ரோல் மாற்றும்போது ஃபிலிமை அறுக்கிற எஃகு பிளேடு. மெதுவாக, உதட்டில் படாமல், கருகலை மட்டும் நெம்பிவிடலாம் என்று நினைத்தேன். என் கையை எனக்குத் தெரியாதா என்கிற திமிர். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. கருகல் கழன்று வந்துவிட்டது. கூடவே பிளேடின் மூலை எதிலோ தட்டியது விரலில் தெரிந்தது. சத்தம்கூட வரவில்லை.

நான் மேலே பார்த்தேன். கருகல் கோடு ஏறி மறைந்துகொண்டிருந்தது. அதன் வால் முடிகிற இடத்திலிருந்து, கண்ணாடியில் நகத்தால் கிழித்தது போல, மெல்லிசாக வெளுப்பாக இன்னொரு கோடு கிளம்பி ஏறியது. இந்தக் கோட்டுக்கு வால் இல்லை. கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றாம் நம்பர் மெஷினில் இதே காரியம் நடந்தது. நெட்டையன் என்று ஒருவன், நல்ல வேலைக்காரன். ஃபிலிமில் கோடு வந்ததும் அவன் கருகல் என்றான், குருணையில் தூசி என்றான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சூடு ஆறிய உதட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு பட்டிருக்கு சார்" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது ஒரு பெருமை வேறு. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவனை அனுப்பிவிட்டார்கள். டை மெருகேறி வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதுவரை மெஷின் படுத்துக்கிடந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தப் பபிளை நிறுத்தி வைப்பதைத் தவிர உருப்படியாக வேறொன்றும் தெரியாது. என்னை இனிமேல் யார் எடுப்பார்கள்?

பிறகு நான் செய்ததைத் தொழில் தெரிந்தவனால்தான் செய்ய முடியும். எங்கள் டை சும்மா நிற்காது. அடியில் ஒரு சின்ன மோட்டார் அதை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். ஃபிலிமில் எங்காவது தடிப்பு இருந்தால் அது ரோலில் ஒரே இடத்தில் குவியாமல் பரவட்டும் என்று இந்த ஏற்பாடு. டை திரும்பத் திரும்ப என் கோடும் பபிளைச் சுற்றி நகர்ந்தது. பபிள் தட்டையாகும்போது இரண்டு ஓரமும் மடிகிறது அல்லவா? கோடு நகர்ந்து வந்து ஓர் ஓரத்து மடிப்பில் சரியாக விழும் நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்திவிட்டால், அப்புறம் அது மடிப்பிலேயே கிடக்கும். விளக்கு மேசையில் எப்படி விரித்தாலும் கண்ணுக்குப் படாது. பலம் பார்க்க இழுக்கிற துண்டையும் ஃபிலிமின் நடுவிலிருந்துதான் வெட்டுவார்கள். நான் ஒரு கையை சுவிட்சில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். அதுவரை ஓடியதைத் தொடக்கக் கழிவு என்று சொல்லி ஓரமாக உருட்டிவிட்டேன். கோடு மடிப்பில் போய் உட்கார்ந்ததும் சுவிட்சைத் தட்டினேன். அந்த நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் மூளையே மூளை என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

மடிப்பு என்பது எந்த ஃபிலிமிலும் கொஞ்சம் பலவீனமான இடம்தான். அதன் மேலேயே கீறலும் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் நினைக்காமலிருக்க, மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து துடைத்த இடத்தையே துடைத்தேன்.

பத்து மணிக்குச் செக்கிங் செய்கிற பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், முணுமுணுவென்று எதையாவது பாடிக்கொண்டே வேலை பார்ப்பாள், ஆனால் ஓர் ஊசித்துளை அவள் கண்ணுக்குத் தப்பாது. முதல் ரோலிலிருந்து ஒரு கெஜம் அறுத்து விளக்கு மேசையில் விரித்தாள். கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் தாடைகூட வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் துண்டு வெட்டி இழுத்துப் பார்த்தாள். அது தாங்கிய அளவைக் குறித்துக்கொண்டாள்.

"டை திரும்பலையேண்ணே?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"மோட்டார் சூடாகுதும்மா. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். நானும் போட்டேன். சீட்டை ரோலின் ஒரு பக்க முனையில், தலைப்பு என்போம், அதில் ஒட்டுவது வழக்கம். கோடு இல்லாத தலைப்பாகப் பார்த்து ஒட்டினேன். "உங்க ரோலை எல்லாம் சோதிக்கிறதே தண்டம்ணே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மெஷினுக்குப் போனாள். நல்ல மனுஷி, நம்பிச் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கைவண்டியில் முதல் ரோல் கிளம்பியது. வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர் ஆலையின் பெரிய கதவுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் திரும்பக்கூடிய தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

அந்த ஆலையில்தான் என் அக்கா வேலை பார்க்கிறாள். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி சொல்லித்தான் ஆகவேண்டும். அக்காவுக்கு என்னைவிட நாலு வயது கூட, அதிகாரம் நாற்பது வயது கூட. அவளுக்குப் பை நிரப்புகிற வேலை. எங்கள் ரோல் அவள் தலைக்கு மேல் தொங்கும். மெஷின் அடியை ஒட்டி அளவாக வெட்டித் தரும். வாயை விரித்துக் குழாயில் மாட்டினால் வெள்ளைச் செதில்கள் கொட்டும். இருபத்தைந்து கிலோ நிரம்பியதும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கொரு பக்கத்து மடிப்பின் அடியில் முன்னங்கையைக் கொடுத்து, பையைத் தூக்கி அட்டை டிரம்முக்குள் இறக்குவார்கள். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். புழுக்கம் தாங்காமல் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வார்கள். காஸ்டிக் உலர்ந்த தோலில் விழுந்தால் தட்டிவிடலாம். வியர்வையில் விழுந்தால் கரைந்து தோலைத் தின்னும். முதலில் வலிக்காதாம், சோப்பு தடவின மாதிரி வழவழவென்று இருக்குமாம், வலி அப்புறம்தான் வருமாம். அக்காவின் கைகளில் வெள்ளைப் பொட்டுகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேதி சொல்லுவாள். அதெல்லாம் ஓட்டை வழியாகச் சிந்திய ஒன்றிரண்டு செதில்கள். மடிப்பே பிளந்து கொட்டினால் என்ன என்று நான் அவளைக் கேட்டதில்லை.

மதியம் ஒரு மணிக்கு இரண்டு ஆலைக்கும் இடைவேளை. பக்கத்து மெஷின்காரனிடம் பபிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தினமும் போல எதிர் ஆலையின் சைக்கிள் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சில் அக்கா எனக்கு முன்னால் வந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன. மூச்சு வந்தது. இரண்டு மணி நேரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது, சாயங்காலத்தோடு இந்த ஆர்டர் முடிந்துவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்னடா, டப்பாவைத் திறக்காமயே பாத்துட்டு இருக்க?"

"பசிக்கல."

"உனக்கா?" என்று சிரித்தாள். "காலையில பதினோரு மணியிலருந்து உன் ரோலுதான் ஓடுது. சீட்டுல உன் கையெழுத்தைப் பாத்ததுமே என் ஜோடிக்காரிகிட்ட சொன்னேன், இன்னைக்கு நிம்மதியாத் தூக்கலாம்டீன்னு."

ஜோடிக்காரி என்பது எதிர்ப்பக்கம் நின்று பை தூக்குகிறவள். ஒன்பது வருஷமாக அவளும் அக்காவும் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். வாசலில் என்னைப் பார்த்தால், "உங்க தம்பிக்குக் கழுத்து மேலேயே திருகிப்போச்சு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். குள்ளமாக, கையை எப்போதும் ஆட்டி ஆட்டிப் பேசுகிற பெண்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீ எந்தப் பக்கம் நிக்கிற?"

"எப்பவும் நிக்கிற பக்கம்தான். ஜன்னல் பக்கம்."

"சீட்டு ஒட்டின தலைப்பு?"

"அது அவ பக்கம் வரும். ஏன்?"

சீட்டு அவள் பக்கம் என்றால் கோடு அக்கா பக்கம். பதினோரு மணியிலிருந்து அக்கா கீறலைக் கட்டிப்பிடித்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல. மதியத்துக்கு மேல நீ அந்தப் பக்கம் மாறிக்கோயேன்" என்றேன். எவ்வளவோ சாதாரணமாகச் சொல்ல முயன்றும் குரல் கீச்சென்று வந்தது.

"எதுக்கு?"

"சும்மாதான். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குமே."

அக்கா மெல்வதை நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்து நான் பொய் சொன்னால் அவள் கத்தமாட்டாள். என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பாள். இப்போதும் பார்த்தாள். அவள் கண் என் சட்டைப் பையில் வந்து நின்றது. தகடு இல்லாத பை தட்டையாக இருந்தது. அவளுக்கு எல்லாம் அங்கேயே புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"எதால சுரண்டின?"

சொன்னேன். பிளேடு, கோடு, மோட்டாரை நிறுத்தியது, மடிப்பு, சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக அழுத்தி மூடினாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"அப்ப ஜன்னல் பக்கம் யாரு நிக்கிறது?" என்றாள்.

நான் என் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கேக்குறேன்ல? நான் மாறிக்கிட்டா அந்தப் பக்கம் யாரு வருவா? அவதானே வருவா?"

"அக்கா, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. சாயங்காலத்தோட..."

"ஆகாதுன்னா என்னை ஏன்டா மாறச் சொல்ற?"

கொட்டகைக்கு வெளியே இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவன் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்; அவளும் ஆட்டினாள். மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. ஒன்றரைக்குச் சங்கு ஊதியதும் உள்ளே பை நிரம்பத் தொடங்கிவிடும்.

"நீ உள்ள போய் ரோலை நிறுத்தச் சொல்லிடேன்" என்றேன். "பை சரியில்லன்னு சொல்லு."

"எங்க சூப்பர்வைசர் சும்மா நிறுத்துவாரா? காலையிலருந்து நூறு பை போட்டாச்சு, ஒண்ணும் கிழியல. உனக்கு எப்படித் தெரியும்னுதான் முதல்ல கேப்பாரு. உன் பேரைச் சொல்லணும். என் வாயால உன் வேலையைப் பறிக்க மாட்டேன்." எழுந்து நின்று ஏப்ரானை இறுக்கிக் கட்டினாள். "நீ போய் உங்க ஆளுககிட்ட சொல்லு. நீயே சொல்லு. சங்கு ஊதினதும் நான் என் இடத்துலதான் நிப்பேன். மாறிக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? லீவு சொல்லிட்டுப் போயிடு."

"நான் போனா அங்க வேற ஒருத்தி நிப்பா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. டப்பாவை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் மிரட்டுகிறாள், உள்ளே போனதும் மாறிக்கொள்வாள், அவளுக்கு மட்டும் தோல் இல்லையா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பிறகு, அவள் சிறுவயதிலிருந்து ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட நாள் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எழுந்து நடந்தேன். சாலை நடுவில் நடை ஓட்டமாகிவிட்டது.

மெஷினிடம் போனதும் யாரிடமும் பேசாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். உருளைகள் நின்றன. பபிள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, உயரே ஒரு பக்கமாகத் துவண்டு, தன் மேலேயே சரிந்து விழுந்தது. காலையிலிருந்து உள்ளே நின்ற காற்று சூடாக முகத்தில் அடித்தது. பக்கத்து மெஷின்காரன் "ஏய், என்னாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். செக்கிங் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே, வாயில் பல்குச்சியோடு மேனேஜர்.

"சார், காலையில எஃகு பிளேடால டையைச் சுரண்டிட்டேன். உதட்டுல கீறல். எதிர்க் கம்பெனிக்குப் போன ரோல் எல்லாத்துலயும் ஒரு பக்கத்து மடிப்புல கோடு இருக்கு. மடிப்பு பிளந்துடும். உடனே ஃபோன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "பித்தளை, நீயா? இரும்பாலயா? வெயில்ல நின்னியாய்யா?"

"நான்தான் சார்."

"யாரைக் காப்பாத்துற? நேத்து சாயங்கால ஷிப்ட்காரனா? அவன் கெஞ்சினானா?"

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். நம்ப வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் ஊரெல்லாம் கூவிச் சம்பாதித்த பேர் எனக்கு எதிராகவே நின்றது. பக்கத்து மெஷின்காரனும் தன் பங்குக்கு, "அவரு அப்படிச் செய்யவே மாட்டாரு சார்" என்றான். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து.

செக்கிங் பெண் மட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், ரோலின் ஓரத்தில், மடிப்பு நடுவில் வரும்படி ஒரு துண்டு வெட்டினாள். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். கோட்டின் மேலேயே, தையல் பிரிந்தது போல, சத்தமில்லாமல் இரண்டாக வந்தது. இரண்டு கையிலும் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"என் கையெழுத்து இருக்கேண்ணே அதுல" என்றாள். "மோட்டார் சூடாகுதுன்னு சொன்னீங்களே."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மேனேஜர் அந்தத் துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பல்குச்சியைத் துப்பினார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது; ஆனால் நம்பியதும் அவர் மேனேஜர் ஆகிவிட்டார். "இரு. அவசரப்படாத. எத்தனை ரோல் போச்சு? முதல்ல முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"சார், அங்க ஆளுங்க கையால தூக்குறாங்க சார்!"

"தெரியும்யா. இரண்டு நிமிஷம்."

சங்கு ஊதியது. எதிர் ஆலையின் சங்கு எங்கள் கூரைத் தகரத்தையே அதிர வைக்கும், தினமும் கேட்பதுதான். அன்றைக்கு அது முடிவதற்குள் நான் வாசலில் இருந்தேன். பின்னால் செக்கிங் பெண், "ஃபோனைப் போடுங்க சார், நீங்க போடுறீங்களா நான் போடட்டுமா!" என்று கத்துவது கேட்டது. அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது.

எதிர் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். சாப்பாட்டு நேரம் முடிந்தால் வெளியாள் உள்ளே போகக் கூடாது. அவருடைய கைக்கு அடியில் குனிந்து ஓடினேன். பொட்டலக் கூடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தூசி வெளியே வராமலிருக்க வேலை நேரத்தில் அப்படித்தான் வைப்பார்கள். சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். திறக்க முடியாத ஜன்னல், கம்பி வலை பதித்த கண்ணாடி, அதன் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தேன். பொடி உட்புறம் என்பதால் பாதிதான் தெரிந்தது.

என் ரோல் மேலே தொங்கியது. அதன் கீழே குழாயில் மாட்டிய பை வெள்ளையாக நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில், அக்கா. சட்டைக் கை இரண்டையும் மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தாள். கழுத்தில் எப்போதும் சும்மா தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டியிருந்தாள், அதன் பட்டை பின்னந்தலையில் முடியை அழுத்திக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஜோடிக்காரி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தேன். கத்தினேன். உள்ளே மெஷின் சத்தத்தில் அது எந்த மூலைக்கு? கூடத்தின் கோடியில், சுவரில் மாட்டிய ஃபோனின், அழைப்பு வந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆள் இல்லை.

குழாய் நின்றது. பை நிரம்பிவிட்டது. ஜோடிக்காரி தற்செயலாக நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். புருவத்தைத் தூக்கினாள். நான் கண்ணாடியை அறைந்துகொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. முகவாயால் ஜன்னலைக் காட்டி அக்காவிடம் ஏதோ சொன்னாள். நான் கையைக் குறுக்கே வீசி, வேண்டாம் வேண்டாம் என்றேன்.

அக்கா திரும்பவில்லை. கால் இரண்டையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள். குனிந்து, பையின் அடியில் வலது முன்னங்கையைக் கொடுத்தாள். இடது கையால் மடிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எதிரே ஜோடிக்காரியும் சிரிப்பு மாறாமல் குனிந்தாள். இருவர் தலையும் ஒரே நேரத்தில் அசைய, பை தரையை விட்டு மேலே எழுந்தது.